டயாலிசிஸில் இருப்பவர் எத்தனை ஆண்டு வாழ்வார்? அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது

டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோர் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை வருஷம்?" நோயாளியின் முன்னால் அதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. மகனோ மருமகளோ வெளியே வந்து குரலைத் தாழ்த்தி நர்ஸிடம் கேட்பார்கள். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்று பதில் வரும். சொந்தக்காரர் ஒருவர், "எங்க மாமா பன்னிரண்டு வருஷம் ஓட்டினார்" என்பார். இன்னொருவர், "ஆரம்பிச்சு மூணே மாசம்தான்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று புரியாமல் எண்ணை மட்டும் கையில் வாங்கினால் அது வீண் பயத்தைத் தரும், அல்லது வீண் நம்பிக்கையைத் தரும்.

முதலில் ஒரு பழைய கதை. 1960 மார்ச் மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற 39 வயது இயந்திரத் தொழிலாளியின் கையில் டெஃப்ளான் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். சில தடவைக்கு மேல் வெட்ட இடமிருக்காது. அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் யோசித்த இந்தக் குழாய் கையிலேயே நிரந்தரமாக இருந்தது. வேண்டும்போது இயந்திரத்தோடு இணைத்துக்கொள்ளலாம். சில வாரத்தில் இறந்துபோக வேண்டிய ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டு வாழ்ந்தார். 1971-ல் அவர் இறந்தது மாரடைப்பால்.

ஷீல்ட்ஸுக்குப் பிறகு சியாட்டிலில் டயாலிசிஸ் மையம் வந்தது. இயந்திரங்கள் சில, காத்திருந்தவர்களோ பலர். யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஊர்ப் பொதுமக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். 45 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், வேறு பெரிய நோய் இருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் முதலில் வடிகட்டிய பிறகே பெயர்கள் அந்தக் குழுவுக்குப் போகும். 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும் அரசுச் செலவில் சிகிச்சை என்றது. சர்க்கரை நோயாளிகள் வந்தார்கள், எழுபது வயதுக்காரர்கள் வந்தார்கள், இதயம் பழுதானவர்கள் வந்தார்கள். இயந்திரமும் மருந்தும் வருடாவருடம் மேம்பட்டன. ஆனால் வடிகட்டி எடுத்த அந்தச் சின்னக் கூட்டத்தின் ஆயுளை இந்தப் பெரிய கூட்டத்திடம் எதிர்பார்க்க முடியுமா?

கணிப்பின் முதல் பாடம் இதுதான். "டயாலிசிஸ் செய்பவர்கள் எத்தனை ஆண்டு வாழ்வார்கள்" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. யாருக்கு, எந்த நாளிலிருந்து எண்ணி, எவ்வளவு காலத்துக்கு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

அமெரிக்காவில் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை) தொடங்கியவர்களில் 5 ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 100-க்கு 40 பேர். இதை இணையத்தில் பார்த்துவிட்டு இடிந்துபோனவர்கள் உண்டு. இதற்குள் 30 வயதுப் பெண்ணும் இருக்கிறார், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் 85 வயது முதியவரும் இருக்கிறார். இருவரையும் கூட்டி வகுத்து வந்த எண் இருவருக்கும் பொருந்தாது. எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். டயாலிசிஸில் முதல் மூன்று மாதம்தான் மிக ஆபத்தானது. பல ஆய்வுகள் 91-ஆம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். அந்த 90 நாளைத் தாண்டாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நாட்டுக்கு நாடும் எண் மாறும். ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான பெரிய ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஜப்பானில் 6.6 சதவீதம், ஐரோப்பாவில் 15.6 சதவீதம், அமெரிக்காவில் 21.7 சதவீதம். வயது, கூடவே இருந்த நோய்கள் எல்லாவற்றையும் சரிக்கட்டிப் பார்த்தபோதும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. ஜப்பானில் மாற்றுச் சிறுநீரகம் அரிது. உடல் நன்றாக இருப்பவர்களும் டயாலிசிஸிலேயே தொடர்வார்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்த இடம்) வைத்துக்கொள்பவர்கள் அங்கே அதிகம். பொதுமக்களிடமே இதயநோய்ச் சாவு குறைவு. இவையெல்லாம் காரணத்தில் ஒரு பங்கு.

இனி கணக்குக்குள் போவோம். 10 பேர் டயாலிசிஸ் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். அடுத்த மூன்று மாதத்தில் மூன்று பேருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து டயாலிசிஸை விட்டுப் போகிறார்கள். மீதி ஆறு பேர். ஒன்பதாம் மாதம் இன்னொருவர் இறக்கிறார். ஓராண்டு முடிவில் எத்தனை சதவீதம் உயிர் பிழைத்தார்கள்?

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை உயிரோடு இருப்பவர்களில் சேர்த்தால் 80. அவர்களை முதலிலிருந்தே நீக்கிவிட்டால், 7 பேரில் 5 பேர், அதாவது 71. இரண்டும் சரியில்லை. முதல் கணக்கு, டயாலிசிஸே செய்யாத மாதங்களையும் டயாலிசிஸ் பெயரில் எழுதுகிறது. இரண்டாவது, அந்த மூன்று பேர் டயாலிசிஸில் கழித்த மாதங்களைத் தூக்கி எறிகிறது.

1958-ல் எட்வர்ட் கப்லன், பால் மையர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு சாவின்போதும் அந்த நேரத்தில் கணக்கில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார். மூன்றாம் மாதத்தில் 10 பேரில் 9 பேர் தாண்டினார்கள். ஒன்பதாம் மாதத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் தாண்டினார்கள். இரண்டு பின்னத்தையும் பெருக்கினால் 75 சதவீதம். விலகிப்போனவர்கள் இருந்தவரை எண்ணப்பட்டார்கள், போனபின் எண்ணப்படவில்லை. மருத்துவக் கட்டுரைகளில் படிக்கட்டு போல இறங்கும் கோடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு படியும் இப்படி வந்ததுதான்.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. விலகிப்போனவர்களும் தங்கியவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் போகிறவர்கள் பொதுவாக உடல் தெம்பு உள்ளவர்கள். அங்கேயே அனுமானம் கொஞ்சம் ஆடுகிறது. நம் நாட்டில் அது இன்னும் மோசமாக ஆடும். பஸ் செலவுக்கு வழியில்லாமல், கூட வர ஆளில்லாமல், கடன் ஏறிப்போய் மையத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று இருக்கும். சிறுநீரகம் முழுதாக நின்றுபோனவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள் அல்லது சில வாரம்தான். அவரையும் ஊர் மாறிப்போனவரையும் ஒரே கட்டத்தில் எழுதினால், அந்த மையத்தின் கணக்கு உண்மையைவிட நன்றாகத் தெரியும். இந்திய எண் எதையாவது படித்தால், பாதியில் நின்றுபோனவர்களை எப்படி எண்ணினார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்லது.

சரி, ஒரு கூட்டத்தின் கோடு கிடைத்துவிட்டது. அதிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எப்படி இறங்கி வருவது? 1972-ல் டேவிட் காக்ஸ் என்ற புள்ளியியலாளர் தந்த முறைதான் இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. வயது, சர்க்கரை, இதயம் என ஒவ்வொன்றும் ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று அது பிரித்துக் காட்டும். அந்த மடங்குகளை எளிய மதிப்பெண்களாக மாற்றினால், மருத்துவர் படுக்கையருகிலேயே கூட்டிப் பார்க்கலாம்.

பிரான்ஸ் நாட்டுச் சிறுநீரகப் பதிவேட்டிலிருந்து 2009-ல் உருவாக்கிய மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வோம். 75 வயதைத் தாண்டி டயாலிசிஸ் தொடங்குபவர்கள் அடுத்த 6 மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிப்பது அதன் வேலை. அதில் ஒன்பது விஷயங்கள்தான். சர்க்கரை நோய், சீரில்லாத இதயத் துடிப்பு, தற்போது இருக்கும் புற்றுநோய் ஆகியவற்றுக்குத் தலா 1 மதிப்பெண். மிகவும் மெலிந்த உடல், முற்றிய இதயச் செயலிழப்பு, கால் ரத்தக்குழாய்களில் முற்றிய அடைப்பு, கடுமையான மன, நடத்தைக் கோளாறு, முன்திட்டம் இல்லாமல் அவசரமாகத் தொடங்கிய டயாலிசிஸ் ஆகியவற்றுக்குத் தலா 2. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குக்கூட முழுக்க இன்னொருவர் துணை வேண்டுமென்றால் 3.

இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 78 வயது. முதலாமவருக்குச் சர்க்கரை இருக்கிறது; ஆனால் வீட்டு வேலையைத் தானே பார்க்கிறார், கையில் ஃபிஸ்டுலா முன்பே வைத்தாகிவிட்டது, நாள் குறித்து டயாலிசிஸுக்கு வந்தார். மதிப்பெண் 1. இரண்டாமவர் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்து, கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியவர். இதயம் முற்றிலும் தளர்ந்திருக்கிறது, உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கிறது, எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டும். 2, 2, 2, 3 என்று கூட்டினால் 9. இந்த அளவுகோலில் 0 மதிப்பெண் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 8 பேர். 9-ம் அதற்கு மேலும் பெற்றவர்களில் ஏறத்தாழ 70 பேர்.

இந்தப் பட்டியலில் கிரியாட்டினின் இல்லை. யூரியா இல்லை. வீட்டுக்காரர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் கவலைப்படும் எண் எதுவும் இல்லை. அதிக மதிப்பெண், எழுந்து நடமாட முடியுமா என்ற கேள்விக்குத்தான். டயாலிசிஸ் நோயாளியின் ஆயுளைச் சிறுநீரகத்தைவிட மீதி உடம்புதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னோர் எளிய முறையும் உண்டு. "இந்த நோயாளி அடுத்த ஓராண்டுக்குள் இறந்துபோனார் என்று கேட்டால் நான் ஆச்சரியப்படுவேனா?" என்று மருத்துவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. அமெரிக்காவில் 147 நோயாளிகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வில், "ஆச்சரியப்படமாட்டேன்" என்று மருத்துவர் குறித்தவர்களில் 29.4 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். "ஆச்சரியப்படுவேன்" என்று குறித்தவர்களில் 10.6 சதவீதம். அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வதில் பொருள் இருக்கிறது என்பதற்கு இது சான்று. அதே ஆய்வை மறுபக்கமும் பாருங்கள். "ஆச்சரியப்படமாட்டேன்" என்று குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் அந்த ஆண்டைத் தாண்டினார்கள்.

ஒரு கணிப்பு முறை நல்லதா என்று இரண்டு வகையில் சோதிப்பார்கள். முதலாவது, பிரித்துக் காட்டும் திறன். இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் கண்மூடி எடுத்தால், இறந்தவருக்கு அது அதிக ஆபத்து என்று சொல்லியிருக்கிறதா? நாணயம் சுண்டிப் பார்த்தாலே பாதி தடவை சரியாக வரும், அது 0.5. ஒருபோதும் தவறாவிட்டால் 1. டயாலிசிஸ் கணிப்பு முறைகளில் பெரும்பாலானவை 0.7-க்கும் 0.8-க்கும் நடுவே நிற்கின்றன. இரண்டாவது, சொன்ன அளவு நடந்ததா என்பது. 20 சதவீத ஆபத்து என்று சொன்னவர்களில் உண்மையில் 20 சதவீதம் பேர் இறந்தார்களா? ஒரு நாட்டில் செய்த முறையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் அடி வாங்கும். யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்ற வரிசை சரியாக இருக்கும். எண் சரியாக இராது.

நமக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். மேலே சொன்ன ஆய்வுகள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் வழக்கமாக இருக்கும் நாடுகளில் செய்தவை. இங்கே வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். மூன்று முறை போகிறவர்களுக்குக்கூட வாரத்தில் ஓர் இடைவெளி இரண்டு நாளாக நீளும். 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளைக் கொண்டு 2011-ல் வெளியான ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் சாவு விகிதம் அதிகம்: 100 பேருக்கு ஆண்டுக்கு 22.1 என்ற கணக்கில்; மற்ற நாட்களில் 18.0. நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தை அழுத்தும் நேரம் அது. வாரம் இருமுறை போகிறவருக்கு இடைவெளி அதைவிட நீளம். ஆகவே வெளிநாட்டு மதிப்பெண்ணை வைத்து இங்கே ஒருவருக்குச் சதவீதம் சொல்லும்போது கொஞ்சம் தயக்கத்தோடு சொல்வதுதான் நேர்மை.

அடுத்து வருவதுதான் குடும்பங்களை அதிகம் குழப்பும் இடம். ஆயுளை முன்கூட்டிச் சொல்லும் எதுவும் ஆயுளைக் கூட்டும் கருவியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ரத்தத்தில் அல்புமின் புரதம் குறைந்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். 1993-ல் வெளியான ஓர் ஆய்வு 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. அல்புமின் (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) 3.0-க்கும் 3.4-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு, 4.0-க்கு மேல் இருந்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைக் கேட்டதும் தினமும் முட்டை வெள்ளைக் கருவை அள்ளிக் கொடுக்கத் தோன்றும். டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதம் வேண்டும்தான். உணவு ஆலோசகர் சொல்லும் அளவைக் கொடுங்கள். ஆனால் அல்புமின் குறைவதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. உடம்பில் எங்கோ கிருமித்தொற்றோ அழற்சியோ ஓடிக்கொண்டிருந்தாலும் அது குறையும். அப்போது ஆபத்து அந்த அழற்சியில் இருக்கிறது. அல்புமின் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கொழுப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள், ஒல்லியானவர்களைவிடச் சற்றுப் பருமனானவர்கள் நீண்டநாள் இருக்கிறார்கள் என்று பல பதிவேடுகள் காட்டின. ஊட்டம் குறைந்து உருக்குலைந்தவர்களிடம் கொலஸ்ட்ராலும் எடையும் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம். மறுபக்கம், மற்றவர்களுக்கு மாரடைப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளிலும் (முடிவுகள் வந்தது 2005-லும் 2009-லும்) கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது; மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்த கணக்கில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ் செய்பவர்கள் ஃபிஸ்டுலா உள்ளவர்களைவிட அதிகம் இறப்பதிலும் இரண்டும் கலந்திருக்கிறது. குழாயில் தொற்று வருவது உண்மை. ஃபிஸ்டுலா வைக்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களுக்கே பல நேரம் குழாய் போடுகிறார்கள் என்பதும் உண்மை.

மாற்றினால் பலன் தரும் விஷயங்களும் இருக்கின்றன. 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தவர்களையும் அதைப் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. எல்லா டயாலிசிஸ் நோயாளிகளோடும் ஒப்பிட்டிருந்தால் பலன் பெரிதாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறுபவர்களே தெம்பானவர்கள். பட்டியலுக்குள்ளேயே ஒப்பிட்டபோதும், அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரம் ஆபத்து கூடினாலும், நீண்டகாலத்தில் சாவின் ஆபத்து 68 சதவீதம் குறைந்தது. டயாலிசிஸ் முறையிலும் முன்னேற்றம் இருக்கிறது. 1,360 பேர் கலந்துகொண்டு 2023-ல் முடிவு வெளியான ஐரோப்பியச் சோதனையில், அதிக அளவு நீர்மப் பரிமாற்றத்தோடு செய்யும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையில் 17.3 சதவீதம் பேரும், வழக்கமான முறையில் 21.9 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

இவ்வளவு கணக்கும் எதற்கு? முடிவெடுக்கத்தான். ஃபிஸ்டுலாவுக்கு அறுவை சிகிச்சை செய்தால் அது பழுத்துப் பயன்படச் சில மாதம் ஆகும்; அந்த மாதங்களைத் தாண்டுவார் என்று தெரிந்தால்தான் அந்த வலிக்குப் பொருள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவதை நாளை என்று தள்ளலாமா, இன்றே செய்ய வேண்டுமா என்பதும் இதில் அடங்கும். எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, மிகவும் தளர்ந்துபோன முதியவருக்கு டயாலிசிஸைத் தொடங்கத்தான் வேண்டுமா என்பது. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தொடங்கும்போது இருந்த நடமாட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் 13 சதவீதமே. டயாலிசிஸ் இல்லாமல், மூச்சுத் திணறலையும் அரிப்பையும் வாந்தியையும் மருந்தால் அடக்கி, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிகிச்சையும் ஒரு முறையான சிகிச்சைதான். அதைக் கைவிடுதல் என்று நினைத்து மருகுபவர்களிடம் இதை யாராவது முன்பே சொல்ல வேண்டும்.

ஆனால் யாரும் சொல்வதில்லை. கனடாவில் 584 நோயாளிகளிடம் கேட்டு 2010-ல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் தங்கள் சிறுநீரக மருத்துவர் ஆயுள் கணிப்பைப் பற்றித் தங்களிடம் பேசியதே இல்லை என்றார்கள். மருத்துவர் தானாகப் பேசாவிட்டால் நீங்கள்தான் கேட்க வேண்டும். "எத்தனை வருஷம்?" என்று கேட்டால் அவர் கையை விரிப்பார். "இவரைப் போன்ற நூறு பேரில் அடுத்த வருஷம் இதே நேரம் எத்தனை பேர் இருப்பாங்க? அதுல எழுந்து நடமாடுறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிக்கே கேட்க விருப்பம் இருக்கிறதா என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு எண் வேண்டும், சிலருக்கு வேண்டாம்.

கிடைக்கும் பதில் அன்றைய தேதிக்கு உரியது. முதல் மூன்று மாதத்தைத் தாண்டியதும் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம், பதில் பெரும்பாலும் மேம்பட்டிருக்கும். கால் எலும்பு முறிந்தோ, நிமோனியா வந்தோ, இதயத்துக்காகவோ மருத்துவமனையில் படுத்து எழுந்தால் அப்போதும் கேளுங்கள். அந்த நாளின் நடமாட்டம், எடை, அல்புமின், இதயத்தின் நிலை இவற்றை வைத்து மருத்துவர் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.